பபுள் கேங்: இரவல் சட்டகத்தில் முப்பது ஆண்டுச் சிரிப்பு

பிலிப்பைன்ஸின் ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் 1995 அக்டோபர் 20, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ‘பபுள் கேங்’ முதன்முதலாக ஒளிபரப்பானது. 2025 அக்டோபரில் அதற்கு முப்பது வயது நிறைந்தது. அந்த நாட்டில் இத்தனை காலம் ஓடிய ஸ்கெட்ச் நகைச்சுவை நிகழ்ச்சி, அதாவது சில நிமிடக் குறுநாடகங்களின் தொகுப்பு, வேறு கிடையாது. இடையில் நடிகர்கள் வந்து போனார்கள், இயக்குநர்கள் மாறினார்கள், ஆறு பேர் அதிபர் நாற்காலியில் அமர்ந்தார்கள். முதல் நாள் குழுவிலிருந்து இன்றும் நிற்கும் நடிகர்கள் என்று மைக்கேல் வி.யையும் அன்டோனியோ அக்கிட்டானியாவையும்தான் சொல்ல முடியும்.

ஒரு குடும்பத் தொடரை நீட்டுவதற்கு வழி உண்டு. கல்யாணம், காணாமல் போன பிள்ளை, திரும்பி வந்த பகையாளி என்று கதையை இழுக்கலாம். ஸ்கெட்ச் நிகழ்ச்சிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு வாரமும் பத்துப் பதினைந்து புதுச் சூழல்களைப் பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டும், அடுத்த வாரம் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். உலகம் முழுக்க இந்த வகை நிகழ்ச்சிகள் சீக்கிரம் களைத்துப் போவதற்கு இதுதான் காரணம். பபுள் கேங் களைக்காமல் இருந்ததற்குப் பலரும் மைக்கேல் வி.யின் திறமையைக் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர்கள் கைக்கொண்ட ஒரு தொழில்முறையில் இருக்கிறது: மக்களுக்கு ஏற்கெனவே பழகிய வடிவத்தை, அதாவது சட்டகத்தை, வெளியிலிருந்து இரவல் வாங்கு, உள்ளே போடும் சரக்கை மட்டும் சொந்தமாகச் செய்.

அந்த முறையை மைக்கேல் வி. தொலைக்காட்சிக்கு வரும் முன்பே கையாண்டிருக்கிறார். 1990-ஐ ஒட்டி, ஆண்ட்ரூ ஈ. என்ற ராப் பாடகர், அழகில்லாத பெண்ணாகப் பார்த்துக் காதலி என்று அறிவுரை சொல்லும் ஒரு பாட்டால் நாடெங்கும் பேர் வாங்கினார். அழகானவளையே தேர்ந்தெடு என்று அதற்கு எதிர்ப்பாட்டு பாடியவர்தான் ‘பிட்டோய்’ என்று எல்லாரும் அழைக்கும் மைக்கேல் வி. கேட்பவருக்கு முதல் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம் என்பதால், பதில் பாட்டின் முதல் வரியிலேயே சிரிப்பு கிடைத்துவிட்டது. அடுத்து ஏபிசி-5 அலைவரிசையின் ‘ட்ரோப்பாங் ட்ரும்போ’ என்ற ஸ்கெட்ச் நிகழ்ச்சியில் அவரும் பாடகர் ஓகி அல்காசிட்டும் சேர்ந்து நடித்தார்கள். அங்கிருந்து இருவரும் ஜிஎம்ஏவுக்கு வந்தபோது பிறந்ததுதான் பபுள் கேங். அதே 1995-இன் தொடக்கத்தில் ‘ஈட் புலாகா’ என்ற புகழ்பெற்ற மதிய நேர நிகழ்ச்சியும் ஜிஎம்ஏவுக்கு மாறியிருந்தது. ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பெரும் போட்டியாளரோடு மோத ஜிஎம்ஏ ஆள் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

இரவல் சட்டகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்கெட்ச் இரண்டு நிமிடத்திலிருந்து நான்கு நிமிடம் வரை ஓடும். இடம் எது, ஆட்கள் யார், இங்கே வழக்கமாக என்ன நடக்கும் என்பதைப் பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும். புதிதாகக் கட்டிய சூழல் என்றால் அதற்கே முப்பது, நாற்பது விநாடி போய்விடும். அந்த நேரத்தில் சிரிப்பு வராது, ரிமோட் கையில் இருப்பவர் காத்திருக்கவும் மாட்டார். அதே ஸ்கெட்ச் ஒரு செய்தி வாசிப்பாகவோ, சலவைத்தூள் விளம்பரமாகவோ, வினாடி வினாவாகவோ தொடங்கினால் மூன்று விநாடி போதும். பின்னணி இசை, மேசை, எழுத்துரு ஆகியவற்றைப் பார்த்தவுடன் அடுத்து என்ன வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு தானாக எழுந்துவிடுகிறது. எதிர்பார்ப்பு இருந்தால்தான் அதை உடைக்க முடியும். மிச்சமான அரை நிமிடத்தில் இன்னும் நாலு வசனம் வைக்கலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஆங் டாட்டிங் டூன்’ பகுதி. எலி சொரியானோ என்ற மதபோதகர் நடத்திவந்த ‘ஆங் டாட்டிங் டாஆன்’ பிலிப்பைன்ஸில் எல்லாருக்கும் தெரிந்த நிகழ்ச்சி. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்பார், போதகர் பைபிளிலிருந்து அதிகாரம், வசன எண் சொல்லிப் பதில் தருவார். பபுள் கேங் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. கேள்வி கேட்பவர் வருகிறார், பணிவாகத் தன் சந்தேகத்தைச் சொல்கிறார். ‘ப்ராட் பீட்’ என்ற போதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆதாரத்தோடு பதில் சொல்கிறார். ஆனால் அவர் ஆதாரமாகக் காட்டுவதெல்லாம் குழந்தைப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான். முடிவில் ‘ஆமென்’ வரவேண்டிய இடத்தில் ‘ஏலியன்!’ என்று முழங்குகிறார்கள். அந்த ஒரு சொல் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பகுதியை நுணுக்கமாகப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். முதலாவது, நடிப்பில் கேலி இல்லை. ப்ராட் பீட்டாக வந்த இஸ்கோ சால்வடோர் கண் சிமிட்டுவதில்லை, புன்னகைப்பதில்லை. உண்மையான போதகரின் நிதானத்தோடு மேற்கோளைச் சொல்கிறார். அவர் சிரித்திருந்தால் சட்டகம் உடைந்து, வெறும் பாட்டு வரிகள்தான் மிஞ்சியிருக்கும். இரண்டாவது, பதில் முழுப் பைத்தியக்காரத்தனமாக இருப்பதில்லை. குழந்தைப் பாட்டை வைத்துக்கொண்டு தர்க்கம் ஒரு படி ஒரு படியாக ஏறி, கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு வகையில் பொருந்தும் இடத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பொருத்தம்தான் சிரிப்பைத் தருகிறது. மூன்றாவது, அங்கே மேடையில் இருந்த சால்வடோர், சேசர் கோஸ்மே, சீட்டோ பிரான்சிஸ்கோ மூவருமே நிகழ்ச்சியின் எழுத்தாளர்கள். எழுத்து மேசையில் ஒருவரையொருவர் மடக்கிப் பழகிய வேகம் மேடையில் தெரிந்தது. மத நிகழ்ச்சியைப் பகடி செய்வது கத்தோலிக்க நாட்டில் ஆபத்தான காரியம். இங்கே அடி விழுந்தது நம்பிக்கையின் மேல் அல்ல, ‘எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் உண்டு’ என்ற பேச்சு முறையின் மேல். அந்த எல்லைக்கோட்டை எழுத்தாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

2010-ஐ ஒட்டி வந்த ‘பாய் பிக்-அப்’ வேறொரு சட்டகத்தை எடுத்தது. அந்த ஆண்டு ‘ஃப்ளிப்டாப்’ என்ற ராப் போர்க்களம் தொடங்கி, இளைஞர்கள் நேருக்கு நேர் நின்று ஒருவரையொருவர் வசைபாடும் காணொளிகள் பரவிக்கொண்டிருந்தன. ஓகி அல்காசிட் அந்தக் களத்தை எடுத்துக்கொண்டு, வசைக்குப் பதிலாகக் காதல் வரிகளை வைத்தார். அந்த வரிக்கு இறுக்கமான மூன்றடி அமைப்பு உண்டு. ‘நீ என்ன கூகுளா?’ என்று ஒருவர் கேட்பார். ‘ஏன்?’ என்று எதிரே இருப்பவர் கேட்டே ஆக வேண்டும். ‘நான் தேடுறது எல்லாம் உன்கிட்டத்தானே இருக்கு’ என்று விடை வரும். உடனே ‘பூம்!’ முதல் அடியில் சாதாரணப் பொருள் ஒன்று, நடுவில் ஒரு சொல் இடைவெளி, கடைசியில் அந்தப் பொருளின் ஒரு குணத்தைக் காதலியின் மேல் ஏற்றுவது. நடுவில் வரும் அந்த ‘ஏன்?’தான் உயிர். பார்வையாளர் தாமாகவே விடையை ஊகிக்க அது ஒரு விநாடி தருகிறது. இந்த அச்சு அவ்வளவு எளிது என்பதால் எவரும் புதிதாக ஒன்றை உருவாக்க முடிந்தது. செனட்டர் மிரியம் டிஃபென்சர் சான்டியாகோவே மேடைப் பேச்சுகளில் இப்படிப்பட்ட வரிகளை அடுக்கிக் கைத்தட்டல் வாங்கினார். 2012-இல் பாய் பிக்-அப் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் அதே எளிமைதான் அதற்குக் குழியும் தோண்டியது. அச்சு எல்லார் கைக்கும் போய்விட்டால் நிகழ்ச்சி எழுதும் வரி, நேற்று குறுஞ்செய்தியில் வந்த வரியைவிட மேலாக இருக்க வேண்டும். சில மாதங்களில் பார்வையாளர் முதல் அடியைக் கேட்டதுமே மூன்றாவது அடியைச் சொல்லிவிடுகிறார். முத்திரை வசனம் எதுவானாலும் இந்தப் பாதைதான்: முதலில் ஆச்சரியம், பிறகு எதிர்பார்ப்பு, அதன்பின் கடமை. கடமை நிலைக்கு வரும் முன் நிறுத்துவது கடினம், ஏனென்றால் பார்வையாளர் எண்ணிக்கை உச்சத்தில் இருப்பது இரண்டாவது கட்டத்தில்தான்.

சட்டகம் வேறொரு நிகழ்ச்சியிலிருந்து வராமல் நடிகர்களிடமிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘யாயா, ஆஞ்சலினா’ சாட்சி. பணக்கார வீட்டுச் செல்லப் பெண் ஆஞ்சலினாவாக ஓகி, அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக மைக்கேல் வி. ஆயா தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலமும், குழந்தை நுனிநாக்கில் பேசும் ஆங்கிலமும் மோதிக்கொள்ளும். ஆங்கிலம்தான் அந்தஸ்து என்றிருக்கும் நாட்டில் இது சாதாரண விளையாட்டு அல்ல. வீட்டு முதலாளிக்குப் புரியாமல் போவது ஆயாவின் ஆங்கிலம், பார்வையாளருக்கு உடனே புரிவதும் அதே ஆங்கிலம். 2009-இல் இதுவும் படமாயிற்று. 2013-இல் ஓகி டிவி5-க்குப் போனபோது ஆஞ்சலினாவும் போய்விட்டாள். அவள் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருந்தது இரண்டு ஆண்களுக்கு இடையே வருடக்கணக்கில் ஊறிய நேர உணர்வு. செய்திப் பகடியும் விளம்பரப் பகடியும் அப்படி இல்லை. நடிகர் மாறினாலும் மேசை அங்கேயே இருக்கும்.

விளம்பரப் பகடிகளை விமர்சகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. எனக்கோ நிகழ்ச்சியின் முதுகெலும்பே அவைதான் என்று படுகிறது. அரை நிமிடத் துணுக்குகள் மூன்று, அதன்பின் நான்கு நிமிட ஸ்கெட்ச், மறுபடி துணுக்கு என்று அடுக்கினால், ஒரு நீண்ட ஸ்கெட்ச் தோற்றாலும் பார்வையாளர் போய்விடுவதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். படத்தொகுப்பில் நீளம் சரிசெய்யவும் இவைதான் கைகொடுக்கும். இருபது விநாடி கூடிப்போனால் ஒரு துணுக்கை எடுத்து அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்கெட்ச்சின் நடுவில் கை வைத்தால் கடைசி வரிக்கான அடித்தளம் காணாமல் போகும்.

பகடிப் பாட்டு மைக்கேல் வி.யின் தனிக்கலை. அதன் வேலைமுறை கண்டிப்பானது. மூலப்பாட்டின் அசை எண்ணிக்கை வரிக்கு வரி பொருந்த வேண்டும். முதல் வரியில் மூலச் சொற்கள் பாதியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பாட்டு என்று பிடிபடாது. நகைச்சுவைச் சொல் வரியின் கடைசியில், எதுகை விழும் இடத்தில் வர வேண்டும். நீட்டிப் பாடும் இடத்தில் திறந்த உயிரெழுத்து வேண்டும், மெய்யில் முடியும் சொல்லை வைத்தால் பாடகருக்குத் தொண்டை அடைக்கும். பல்லவி, வீட்டில் கரோக்கே பெட்டி வைத்துப் பாடக்கூடியதாக இருக்க வேண்டும். கரோக்கே இல்லாத கொண்டாட்டமே இல்லாத நாடு என்பதால் இது முக்கியம். சட்டப் பக்கமும் உண்டு. பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, பதிவு செய்த ஒலிக்கு இன்னோர் உரிமை. மூலப் பதிவின் ஒலியை எடுத்து அதன்மேல் பாடினால் இரண்டு பக்கமும் சிக்கல் வரும், அதனால் இசையைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்வதே பாதுகாப்பு. பிலிப்பைன்ஸின் 1997-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம், குடியரசுச் சட்டம் 8293, அதன் 185-ஆவது பிரிவில் விமர்சனம், கருத்துரை போன்ற நோக்கங்களுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பகடி என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. நோக்கம், மூலத்தின் தன்மை, எடுத்த அளவு, மூலத்தின் சந்தைக்கு வரும் பாதிப்பு ஆகிய நான்கையும் வைத்துத்தான் எடை போடுவார்கள். எழுதுபவர் மூலத்தை எவ்வளவு மாற்றுகிறாரோ அவ்வளவு பாதுகாப்பு. நகைச்சுவைக்கும் அதுவே நல்லது என்பது ஒரு நல்வாய்ப்பு.

படப்பிடிப்பு என்று வந்தால் ஸ்கெட்ச் நிகழ்ச்சி ஒரு தளவாடப் புதிர். ஒளிபரப்பாகும் வரிசையில் யாரும் படம் பிடிப்பதில்லை. செய்தி அறை அரங்கம் போட்டாயிற்று என்றால், இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் அந்த அரங்கில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுப்பார்கள். மிக மெதுவான வேலை ஒப்பனை. முகம் முழுக்க ஒட்டும் செயற்கைத் தோல் ஒப்பனைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும், கழற்ற இன்னொரு மணி. ஒரே நடிகர் அன்று நான்கு வேடம் போட வேண்டும் என்றால் கனமான ஒப்பனையைக் காலையில் முதலில் எடுத்து முடிப்பது நல்லது. பசை போட்டுப் போட்டு எரியும் முகத்தில் மாலையில் எதுவும் சரியாக ஒட்டாது, வியர்த்தால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். மணிலா வெயிலில் வெளிப்புறப் படப்பிடிப்பில் இது தவறாமல் நடக்கும்.

நேரக் கட்டுப்பாடு இப்போது சட்டமாகவே இருக்கிறது. 2019 ஜூனில் மூத்த நடிகர் எடி கார்சியா ஒரு தொடரின் படப்பிடிப்பில் தடுக்கி விழுந்து, சில நாட்களில் இறந்தார். அந்த மரணத்தின் பின் எழுந்த குரலால் 2024 மே மாதம் அவர் பெயராலேயே குடியரசுச் சட்டம் 11996 கையெழுத்தானது. வழக்கமான வேலை நாள் 8 மணி நேரம், நீட்டித்தாலும் 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 60 மணி நேரம் உச்சவரம்பு. விடிய விடிய எடுத்துத் தள்ளும் பழக்கத்தில் வளர்ந்த துறைக்கு இது பெரிய மாற்றம், மிகவும் தேவையான மாற்றமும்கூட. நகைச்சுவைக்கு ஒரு கூடுதல் லாபம்: பதினாறாவது மணி நேரத்தில் எந்த நடிகருக்கும் நேர உணர்வு இருக்காது.

நிகழ்ச்சியின் பழைய பதிவுகளைப் பார்க்கும்போது சங்கடப்படுத்தும் பக்கமும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் பெண்களுக்கு வேலை பெரும்பாலும் குட்டை உடையில் வந்து நிற்பதுதான், சிரிக்க வைக்கும் வரிகள் ஆண்களுக்கு. ரூஃபா மே குவின்டோ தனக்குக் கொடுத்த கவர்ச்சி வேடத்தையே இழுத்து இழுத்துப் பேசும் குரலால் தன் சொந்த நகைச்சுவையாக மாற்றிக் காட்டினார். பின்னால் வந்த சாரிஸ் சாலமன் போன்றவர்கள் ஸ்கெட்ச்சைத் தூக்கி நிறுத்தும் நடிகர்களாகவே வந்தார்கள். இந்தியர்களைப் பற்றிய அச்சும் பிலிப்பைன்ஸ் நகைச்சுவை முழுவதிலும் ஊறியது. எந்த ஊர் இந்தியராக இருந்தாலும் ‘பும்பாய்’, அவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வசூலிக்கும் வட்டிக்காரர். அந்தத் தொழிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள் என்பது உண்மை. அந்த ஒரே உருவத்துக்குள் ஒரு நாட்டையே அடைத்தது சோம்பேறித்தனமான எழுத்து.

2023-இன் தொடக்கத்தில் வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மாலை 6 மணிக்கு நிகழ்ச்சி மாறியது. குழந்தைகள் விழித்திருக்கும் நேரம், தாத்தா பாட்டியும் கூட இருக்கும் நேரம். இரட்டை அர்த்த வசனங்களைக் குறைத்துக்கொண்டுதான் அங்கே போக முடியும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. இரவல் சட்டகம் என்ற முறை, எல்லாரும் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்பதை நம்பி நிற்கிறது. 2020-இல் ஏபிஎஸ்-சிபிஎன் தன் ஒளிபரப்பு உரிமத்தை இழந்தபோது, பகடிக்குத் தீனி போட்ட போட்டியாளரின் அலைவரிசை அணைந்தது. பார்வையாளர்களும் கைபேசிக்குள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிந்த டிக்டாக் முகம் அவன் அம்மாவுக்குத் தெரியாது. அம்மா பார்க்கும் தொடரின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. யாரைப் பகடி செய்தாலும் அறையில் பாதிப் பேருக்கு மூலம் தெரியாது.

2025-இல் நாடு முழுவதும் சேர்ந்து பார்த்த ஒன்று கிடைத்தது, அது அரசியலிலிருந்து வந்தது. ஜூலை மாத நாட்டு நிலை உரையில் அதிபர் மார்கோஸ் வெள்ளத்தடுப்புத் திட்டங்களில் நடந்த முறைகேடுகளை வெளிப்படையாகச் சாடினார். அதன்பின் செனட் விசாரணைகளை மக்கள் தொடர் பார்ப்பதுபோல் நேரலையில் பார்த்தார்கள், விசாரணைக்கு வந்த ஒப்பந்தக்காரர்களின் குரலும் சொகுசு கார்களும் வீட்டுப் பேச்சாயின. ஒரு பெண் ஒப்பந்தக்காரரை நினைவூட்டும் ‘சியாலா டிஸ்மாயா’ என்ற வேடத்தில் மைக்கேல் வி. செப்டம்பரில் வந்தார். ஒப்பனைப் புகைப்படம் வெளியான உடனேயே, ஸ்கெட்ச் ஒளிபரப்பாகும் முன்பே, சமூக ஊடகங்கள் அதைத் தூக்கிக்கொண்டன.

வாரம் ஒருமுறை வரும் பதிவு நிகழ்ச்சிக்கு இந்த வெற்றி எளிதல்ல. எழுதி, ஒப்பனை சோதித்து, எடுத்து, தொகுத்து ஒளிபரப்பும்போது குறைந்தது ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும். அதற்குள் அந்தச் செய்தியின் நகைச்சுவையை ஆயிரம் பேர் கைபேசியில் செய்து முடித்திருப்பார்கள். வரியால் அவர்களை முந்த முடியாது. அவர்களிடம் இல்லாதது மூன்று மணி நேர ஒப்பனை நாற்காலியும், ஒரு மனிதரின் தலையசைப்பையும் மூச்சு விடும் இடத்தையும் பிடித்து வைக்கும் நடிகரும்தான். எழுத்தாளர்கள் அந்த வாரத் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு, விசாரணை முடியும்வரை மாறாத ஆளின் பேச்சு முறையைப் பிடித்தது அதனால்தான். முழு நிகழ்ச்சியைப் பார்க்காதவர்கள்கூட ஜிஎம்ஏவின் ‘யூலால்’ யூடியூப் பக்கத்தில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே ஒவ்வொரு துண்டும் முன்பின் தெரியாத ஒருவரிடம் தனியாகப் போய்ச் சேர வேண்டியிருப்பதால், முதல் மூன்று விநாடியில் மேசையையும் முகத்தையும் காட்டிவிடும் பழைய பழக்கம் இப்போது முன்னைவிட அதிகம் பயன்படுகிறது.